28 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தை: முதல் மணி நேரத்தில் எதை அளப்பது, எப்படி அளப்பது

"ஏழு மாசக் குழந்தை தங்கும், எட்டு மாசக் குழந்தை தங்காது" என்று பிரசவ வார்டு வராந்தாவில் அப்பாயிமார் இன்றும் சொல்வதுண்டு. அது தவறு. வயிற்றுக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் தோலுக்கும் பலம்தான். எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தைவிட நல்லது. ஆனால் அந்தப் பேச்சுக்குள் இருக்கும் கேள்வி நியாயமானது. இவ்வளவு சின்னக் குழந்தை தங்குமா என்பதை முதல் நாளிலேயே கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கணிக்க உதவும் அறிகுறிகளில் சில, குழந்தை பிறக்கும்போதே முடிவாகிவிட்டவை: எத்தனை வாரம், எத்தனை கிராம், ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா. மற்றவை நம் கையில் இருப்பவை: குழந்தையின் நுரையீரலை முதிரவைக்கும் ஸ்டீராய்டு ஊசி தாய்க்குப் போய்ச் சேர்ந்ததா, குழந்தையின் உடல் சூடு குறையாமல் இருந்ததா, சர்க்கரை இறங்கியதா, முதல் ஐந்து நிமிடத்தில் இதயத்துடிப்பு ஏறியதா. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை போன்ற ஊர்களில் பிரசவ அறையில் நிற்கும் செவிலியருக்கும் பணி மருத்துவருக்கும் இந்த இரண்டாவது வகைதான் முக்கியம். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையின் ஆபத்தைக் கணிக்க மதிப்பெண் போடும்போது அவர்கள் எழுதும் எண்களில் பாதி, நம் பிரசவ அறையில் நாம் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான்.

வாரத்தைச் சரியாகப் பிடிப்பது

எல்லா அறிகுறிகளிலும் பெரியது கர்ப்ப வாரம். அமெரிக்காவின் பெரிய பச்சிளம் குழந்தை மையங்களில் 2013 முதல் 2018 வரை பிறந்த குழந்தைகளில், 22 வாரத்தில் பிறந்தவர்களில் வீடு திரும்பியவர்கள் 10.9 சதவீதம், 28 வாரத்தில் பிறந்தவர்களில் 94 சதவீதம். இந்த எண்களை நம் ஊர்க் குடும்பத்திடம் அப்படியே சொல்லக் கூடாது. அங்குள்ள வசதி வேறு. ஆறே வாரத்துக்குள் எவ்வளவு மாறுகிறது என்பதற்காகத்தான் இங்கே சொல்கிறோம். வாரக் கணக்கில் ஒன்றிரண்டு தவறினால் அதற்கு மேல் போடும் கணக்கு எல்லாமே தவறும்.

முதலில் பார்க்க வேண்டியது 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன். குழந்தையின் தலை முதல் பிட்டம் வரை நீளத்தை அளந்து வாரம் சொல்லும் அந்த ஸ்கேனில் பிழை ஒரு வாரத்துக்குள் இருக்கும். ஐந்தாம் மாத ஸ்கேனில் பிழை பத்து நாள்வரை போகும். ஏழாம் மாதத்துக்கு மேல் எடுத்ததில் மூன்று வாரம்வரை தவறலாம். வழக்கமாக நடக்கும் தவறு என்னவென்றால், கோப்பில் மேலாக இருக்கும் கடைசி ஸ்கேன் தாளில் அச்சான தேதியை எழுதிவிடுவது. குழந்தை வளர்ச்சி குன்றியிருந்தால் அந்த ஸ்கேன் வாரத்தைக் குறைத்துக் காட்டும். கோப்பை அடிவரை புரட்டி முதல் ஸ்கேனைத் தேடுங்கள். தாயிடம் இல்லையென்றால் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையப் பதிவில் பாருங்கள், அல்லது கிராமச் செவிலியரைப் போனில் கேளுங்கள்.

ஸ்கேன் எதுவும் இல்லாதபோது கடைசி மாதவிலக்கு நாள்தான் வழி. "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?" என்று கேட்டால் இங்கிலீஷ் தேதி வராது. நடவு, அறுப்பு, திருவிழா இவற்றை வைத்துக் கேட்டால் வரும். "ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்துக்குப் போகலீங்க, அன்னைக்குத்தான் வந்துச்சு" என்று ஒரு பெண் சொன்னால் அது ஆகஸ்ட் 3-ஐ ஒட்டிய நாள். ஜனவரி 31-இல் குழந்தை பிறந்தால் இடையில் 181 நாள். ஏழால் வகுத்தால் 25 வாரம் 6 நாள். வாரத்தோடு மிச்ச நாள் கணக்கையும் சேர்த்தே எழுதுங்கள். "26 வாரம்" என்று முழுமையாக்கி எழுதினால் அடுத்த ஆஸ்பத்திரியில் மதிப்பெண்ணே மாறிவிடும். "ஆறு மாசம்" என்று மட்டும் எழுதினால் அது 22 வாரமா 27 வாரமா என்று யாருக்கும் தெரியாது.

இரண்டும் கிடைக்காவிட்டால் பாலார்டு முறையில் தோல், காது, உள்ளங்கால் ரேகை, கை கால் வளைவு பார்த்து மதிப்பிடலாம். 26 வாரத்துக்குக் கீழ் என்று தோன்றினால் முதல் 12 மணி நேரத்துக்குள் பார்ப்பது நல்லது. மிகச் சிறிய குழந்தைகளில் இந்த முறை ஒன்றிரண்டு வாரம் கூட்டிக் காட்டுவது வழக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கண் இமை ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு "இது தேறாது" என்று ஒதுக்குவது இன்னொரு தவறு. 25, 26 வாரத்திலும் இமை ஒட்டியிருக்கலாம். இமையை வைத்து உயிரை முடிவு செய்யாதீர்கள்.

எடை, பாலினம், எண்ணிக்கை

ஆயிரம் கிராமுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு 50 கிராம் பிழை என்பது பெரிய பிழை. தொங்கவிடும் ஸ்பிரிங் தராசு இங்கே உதவாது. 5 அல்லது 10 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு வேண்டும். குழந்தையைச் சுற்றப் போகும் பிளாஸ்டிக் பை, தொப்பி, தட்டில் விரிக்கும் துணி மூன்றையும் முன்னதாகத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிடுங்கள். பிறகு குழந்தையைப் பையோடு வைத்தால் போதும். எடை பார்ப்பதற்காகப் பையைக் கழற்றாதீர்கள். தொப்புள்கொடியில் தொங்கும் கிளிப்பின் எடையும் கூடும். அதே மாதிரிக் கிளிப் ஒன்றையும் சேர்த்துப் பூஜ்யமாக்கலாம்.

22 முதல் 25 வாரக் குழந்தைகளை வைத்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நினைவில் நிற்கும் விதத்தில் ஒரு கணக்குத் தந்தது. பெண் குழந்தையாக இருப்பது, ஒற்றைக் குழந்தையாக இருப்பது, எடை 100 கிராம் கூடுதலாக இருப்பது, பிறப்பதற்கு முன் தாய்க்கு ஸ்டீராய்டு கிடைத்திருப்பது, இந்த நான்கில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாரம் கூடுதலாக வயிற்றில் இருந்ததற்குச் சமம். முதல் மூன்றில் நம்மால் செய்ய ஒன்றுமில்லை. நான்காவது ஒரு ஊசி.

அந்த ஒரு ஊசி

24 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவ வலி, பனிக்குடம் உடைதல், ரத்தப்போக்கு, மிகை ரத்த அழுத்தம் என எது வந்தாலும், குழந்தை சீக்கிரம் பிறக்கும் என்று தோன்றிய உடனே டெக்சாமெத்தசோன் 6 மில்லிகிராம் தசையில் போட வேண்டும். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக மொத்தம் நான்கு. மில்லிக்கு 4 மில்லிகிராம் உள்ள 2 மில்லி குப்பியில் 1.5 மில்லி எடுத்தால் 6 மில்லிகிராம். குப்பி முழுவதையும் ஏற்றிவிட்டு 8 மில்லிகிராம் கொடுப்பதும், பாதி என்று நினைத்து 1 மில்லி மட்டும் எடுப்பதும் நடக்கிற பிழைகள். குப்பியின் அடர்த்தியைப் படித்துவிட்டு எடுங்கள். இந்தியாவும் சேர்ந்து நடந்து 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், நம்மைப் போன்ற நாடுகளிலும் டெக்சாமெத்தசோன் பச்சிளம் குழந்தை இறப்பைக் குறைக்கிறது என்பது உறுதியானது.

"எப்படியும் அரை மணியில் பிறந்துவிடும், ஊசி எதற்கு" என்று விடாதீர்கள். முதல் ஊசி மட்டும் போய், நாலைந்து மணி நேரம் கழித்துப் பிறந்தாலும் ஓரளவு பயன் உண்டு. இந்திய அரசின் வழிகாட்டுதல் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே முதல் ஊசியைப் போட்டு அனுப்ப அனுமதிக்கிறது. போட்ட நேரத்தைப் பரிந்துரைச் சீட்டில் மணி, நிமிடத்தோடு எழுதுங்கள். "ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் அடுத்த ஊசி எப்போது என்று அங்கே தெரியாமல் போகும். மருத்துவர் இருந்தால் மூளைப் பாதுகாப்புக்கு மெக்னீசியம் சல்பேட் 4 கிராம் மெதுவாக நரம்பில் கொடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

தாயை அனுப்புவதா, குழந்தையை அனுப்புவதா? கர்ப்பப்பை வாய் முழுவதும் திறக்கவில்லை, வழியில் பிறக்காது என்று மருத்துவர் கருதினால் தாயைத்தான் அனுப்ப வேண்டும். வயிற்றோடு போகும் குழந்தைக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பிறந்தபின் வண்டியில் போகும் குழந்தைக்குக் குறைவு. வெளியிலிருந்து வந்த குழந்தை என்பதே ஒரு பாதகமான அறிகுறி. தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனையோ, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரியோ, எங்கே வென்டிலேட்டர் படுக்கை காலி என்று முதலில் போனில் கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்புங்கள். போய்ச் சேர்ந்தபின் அங்கிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஸ்டீராய்டில் சேர்த்த பலன் வழியிலேயே கரைந்துவிடும்.

பிறந்த நிமிடமும் உடல் சூடும்

ஒரே ஒரு எண்ணைத்தான் மேம்படுத்த முடியும் என்றால் பச்சிளம் குழந்தைப் பிரிவில் சேர்க்கும்போது இருக்கும் உடல் வெப்பத்தை மேம்படுத்துங்கள். 1500 கிராமுக்குக் குறைவான குழந்தைகளைப் பற்றி 2007-இல் வந்த ஆய்வில், சேர்க்கை வெப்பம் ஒவ்வொரு 1 டிகிரி செல்சியஸ் குறைந்தபோதும் இறப்புக்கான வாய்ப்பு 28 சதவீதம் கூடியது. பின்னால் வரும் கிருமித் தொற்று 11 சதவீதம் கூடியது. இலக்கு 36.5 முதல் 37.5 வரை.

பிரசவத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக, குழந்தையைக் கிடத்திச் சூடேற்றும் வார்மரை முழுச் சூட்டில் போடுங்கள். ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மார்கழி விடியற்காலையிலும் பிரசவ அறை நாம் நினைப்பதைவிடக் குளிர்ந்திருக்கும். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி 25 டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள். நமக்கு வியர்த்தால் அறை குழந்தைக்குச் சரியாக இருக்கிறது என்று பொருள்.

குழந்தை வெளியே வந்ததும் உடலைத் துடைக்க வேண்டாம். ஈரத்தோடே சுத்தமான உணவுத் தரப் பாலித்தீன் பைக்குள் கழுத்துவரை நுழைத்துவிட்டு, தலையை மட்டும் துடைத்துத் தொப்பி போடுங்கள். 25 வாரக் குழந்தையின் தோல் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சூடு போவது அந்த வழியில்தான். பை அதை அடைக்கிறது. துடைத்துவிட்டுப் பையில் போடுவது, பையைச் சுற்றாமல் மேலே போர்த்துவது, மருத்துவர் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி பிரிப்பது, இந்த மூன்றும் பையின் பயனைக் கெடுப்பவை. ஊசி போடவோ நரம்பு பார்க்கவோ வேண்டுமென்றால் அந்த இடத்தில் மட்டும் சின்ன ஓட்டை போடுங்கள்.

சித்திரை வெயிலில் எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. பையும் முழுச் சூட்டு வார்மரும் சேர்ந்து பத்து நிமிடத்தில் 38-ஐத் தாண்டும். அதுவும் கெடுதல். அதனால் குழந்தையை வைத்ததும் தோல் உணரியை ஒட்டி, 36.5-க்கு மாற்றிவிடுங்கள். வெந்நீர்ப் பை, வெந்நீர் பாட்டில் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். இந்தத் தோல் உடனே வெந்து உரியும்.

தொப்புள்கொடியை 60 விநாடி கழித்துக் கட்டுங்கள். கொடியைப் பிழிந்து ரத்தத்தைக் குழந்தைப் பக்கம் தள்ளும் பழக்கம் பல இடங்களில் உண்டு. 28 வாரத்துக்குக் கீழே அதைச் செய்யவே கூடாது. மூளைக்குள் கடுமையான ரத்தக்கசிவு கூடுவதை 2019-இல் வந்த ஆய்வு காட்டியது.

மூச்சு, துடிப்பு, ஆக்சிஜன்

பிறந்ததும் நிறம், துடிப்பு, அசைவு, மூச்சு பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண் இங்கே அதிகம் உதவாது. 25 வாரக் குழந்தை தளர்ந்து கிடப்பது அதன் இயல்பு. மதிப்பெண்ணைவிட இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, துடிப்பு 100-ஐத் தாண்டிய நிமிடம். மற்றது, ஐந்தாம் நிமிட ஆக்சிஜன் அளவு. ஐந்தாவது நிமிடத்தில் 80 சதவீதத்தைத் தொடாத குழந்தைகளில் இறப்பும் மூளை ரத்தக்கசிவும் அதிகம்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் புரோபை வலது மணிக்கட்டில் ஒட்டுங்கள், காலில் அல்ல. வார்மர் விளக்கு படாமல் மேலே மூடுங்கள். முதல் நிமிடத்தில் 60 முதல் 65, மூன்றாம் நிமிடத்தில் 70 முதல் 75, ஐந்தாம் நிமிடத்தில் 80 முதல் 85, பத்தாம் நிமிடத்தில் 85 முதல் 95 என்று ஏறினால் போதும். முதல் நிமிடத்தில் 62 என்று கண்டு பயந்து முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டாம். 30 சதவீதத்தில் தொடங்குங்கள். காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டர் இல்லாத இடத்தில் ஒரு வழி உண்டு: கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையில் ஆக்சிஜன் குழாயை மாட்டாவிட்டால் 21 சதவீதம், குழாயை மாட்டி, பின்னால் தொங்கும் ரிசர்வாயரைக் கழற்றிவிட்டால் ஏறத்தாழ 40, ரிசர்வாயரோடு 90-க்கு மேல்.

மாஸ்க் 0 அல்லது 00 அளவு. நெஞ்சு லேசாக ஏறினால் போதும். நன்றாக ஏறி இறங்கினால் நாம் நுரையீரலைக் கிழிக்கிறோம். தானே மூச்சு விடும் குழந்தைக்கு உடனே சிபாப், அதாவது மூச்சுவழியில் இடைவிடாமல் தரும் காற்றழுத்தம், 5 முதல் 6 சென்டிமீட்டர் நீரழுத்தம். சாதாரண ஆம்பு பையில், மூச்சு விட்டபின்னும் அழுத்தத்தைத் தக்கவைக்கும் பீப் வால்வு இல்லையென்றால் மூச்சு வெளியேறும்போது நுரையீரல் மறுபடி சுருங்கிவிடும். அந்தச் சின்ன வால்வை வாங்கி வைப்பது செலவுக்குத் தகும்.

ஒரு மணி நேரத்துக்குள் நான்கு எண்

வெளியிலிருந்து வரும் குழந்தைகளுக்காக டெல்லி மருத்துவர்கள் 2007-இல் எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். ரத்த வாயுக் கருவி தேவையில்லை. வெப்பம் 36.5-க்குக் கீழ், ஆக்சிஜன் 90-க்குக் கீழ், அழுத்தி விட்ட தோல் மறுபடி சிவக்க 3 விநாடிக்கு மேல், சர்க்கரை 40-க்குக் கீழ். இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்து வெகுவாகக் கூடுகிறது. டாப்ஸ் என்று பெயர். எந்தத் தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சரியாகப் பார்ப்பதில்தான் சிக்கல்.

வெப்பத்தை அக்குளில் பாருங்கள். சாதாரண டிஜிட்டல் வெப்பமானி 32-க்குக் கீழே காட்டாமல் "எல்" என்று நின்றுவிடும். குளிர்ந்த குழந்தைக்குக் குறைந்த அளவு காட்டும் வெப்பமானி வேண்டும். தோலின் நிறத்தைப் பார்க்க நெஞ்செலும்பின் மேல் 5 விநாடி அழுத்தி விடுங்கள். குளிர்ந்த காலில் பார்த்தால் எல்லாக் குழந்தைக்கும் 4 விநாடி வரும். சர்க்கரைக்குக் குதிகாலைச் சூடாக்கி, ஸ்பிரிட் முழுதாகக் காய்ந்தபின் குத்துங்கள். ஸ்பிரிட் ஈரமும், பிழிந்தெடுத்த ரத்தமும் அளவைப் பொய்யாக்கும். டெக்ஸ்ட்ரோஸ் தொட்ட கையால் எடுத்தால் 200 காட்டும்.

இந்த எண்களை எழுதிவிட்டுப் பேனாவை மூடினால் பயனில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் உடனே ஒரு வேலை உண்டு. எடுத்துக்காட்டாக 780 கிராம் குழந்தை. சர்க்கரை 32 என்றால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மில்லி, அதாவது 1.6 மில்லி மெதுவாக நரம்பில். அடுத்து கிலோவுக்கு நாளுக்கு 80 மில்லி என்று 24 மணி நேரத்துக்கு 62.4 மில்லி, மணிக்கு 2.6 மில்லி. இதைச் சிரிஞ்ச் பம்பில்தான் ஓட்ட வேண்டும். சாதாரண டிரிப் செட்டில் எண்ணினால் ஒரு மணி நேரத்தில் நாலு மணி நேர அளவு போய்விடும். வைட்டமின் கே 0.5 மில்லிகிராம், அரை மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள குழந்தை ஆம்பூலில் 0.25 மில்லி. மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ள பெரியவர் ஆம்பூல் அதே தட்டில் கிடக்காமல் பாருங்கள். மூச்சைத் தூண்டும் காஃபீன் சிட்ரேட் முதல் அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம்: 15.6 மில்லிகிராம், மில்லிக்கு 20 உள்ள குப்பியில் 0.78 மில்லி, அரை மணி நேரத்தில். இவை எல்லாம் மருத்துவர் உத்தரவோடு. கணக்கை இருவர் தனித்தனியாகப் போட்டு ஒத்துப்பாருங்கள்.

மதிப்பெண்ணுக்கு எவ்வளவு மதிப்பு

பெரிய மையங்களில் கிரிப்-2 என்ற முறை உண்டு. 2003-இல் வந்தது, வாரம், எடை, பாலினம், சேர்க்கை வெப்பம், ரத்தத்தின் பேஸ் எக்ஸஸ் (ரத்தத்தில் அமிலம் கூடியிருப்பதைக் காட்டும் அளவு) ஆகிய ஐந்தும் சேர்த்து 0 முதல் 27 வரை. கூடினால் ஆபத்து. ஸ்னாப் முறை முதல் 12 மணி நேர ரத்த அழுத்தம், சிறுநீர், வலிப்பு எல்லாவற்றையும் கேட்கும். இவை ஆஸ்பத்திரிகளை ஒப்பிடவும், நூறு குழந்தைகளில் எத்தனை பேர் என்று சொல்லவும் உருவானவை. கண் முன்னால் கிடக்கும் ஒரு குழந்தையைக் கைவிடலாமா என்று கேட்டால் அவற்றிடம் பதில் இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கிரிப்-2 கேட்கும் வெப்பம் குழந்தையின் நோயால் மட்டும் இறங்குவதில்லை, நம் கவனக்குறைவாலும் இறங்குகிறது. 34.8-இல் வந்த குழந்தைக்கு மதிப்பெண் மோசம் என்றால் அதில் நம் பங்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டியில்

108-ஐ அழைக்கும்போதே பச்சிளம் குழந்தைக்கான ஆம்புலன்ஸ் வேண்டும் என்று சொல்லுங்கள். வழியில் ரயில்வே கேட், ஆற்றோரக் குறுகிய சாலை, பங்குனியில் திருவாரூர் ஆழித்தேர் என்று தாமதம் எப்படியும் வரும். எதிர்பார்க்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கு ஆக்சிஜன் கணக்கிடுங்கள். வண்டிக்குள் இன்குபேட்டர் இல்லையென்றால், மூச்சு நிலையாக உள்ள குழந்தையை உடன் வருபவரின் வெறும் நெஞ்சில் வைத்து, தொப்பியோடு வேட்டியால் கட்டிப் போர்த்தலாம். தாய் வர முடியாதபோது அப்பாவோ அம்மாச்சியோ போதும். கழுத்து மடங்காமல், மூக்கு தெரியும்படி இருக்க வேண்டும். வாயில் சேனைத் தண்ணியோ கழுதைப் பாலோ வைக்காமல் இருக்க, ஏறுவதற்கு முன்பே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கோபத்தோடு தடுத்தால் மறைவாக வைப்பார்கள்.

குடும்பத்திடம்

சதவீதம் சொல்லாதீர்கள். "நூத்துல முப்பது" என்றால் ஒருவருக்கு நம்பிக்கை, இன்னொருவருக்கு மரணச் செய்தி. தெரிந்ததைச் சொல்லி, அடுத்து எப்போது சொல்வோம் என்பதையும் சொல்லுங்கள்.

"தம்பி, உங்க குழந்தை 25 வாரம் முடிஞ்சு பொறந்திருக்கு. 780 கிராம். உசுரோட இருக்கு, மூச்சுக்கு மெஷின் வச்சு உதவி பண்றோம். பொழைக்குமான்னு இப்ப ஒரே வார்த்தையில சொல்ல முடியாதுங்க. நாளைக்குக் காலைல ஒரு தரம், மூணாம் நாள் தலை ஸ்கேன் எடுத்துட்டு ஒரு தரம் சொல்றோம். உங்க வீட்டம்மாவுக்குப் பால் சுரக்க ஆரம்பிக்கணும், அதுக்கு நீங்க உதவணும்."

கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். ஆறு மணி நேரத்துக்குள் சீம்பாலைப் பிழிய ஆரம்பித்து, நாளுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் தொடர்ந்தால்தான் பால் நிற்கும். குழந்தை ஓர் ஊரிலும் தாய் ஓர் ஊரிலும் படுத்திருக்கும்போது முதலில் விட்டுப்போவது இதுதான்.

மூன்றாம் நாளுக்குப் பின்

மூளை ரத்தக்கசிவு பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்தில் நடக்கும். அதுவரை தலையை நடுவாக வைத்து, தொடுவதைக் குறைத்து, எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்யுங்கள். முதல் நாள் கழிந்தபின் சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிக்குக் குறைவது கெட்ட அறிகுறி. மூன்றாம் நாளுக்கு மேல், பிறந்த நேரத்து எண்களைவிட ஆக்சிஜன் தேவை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் தலை ஸ்கேனும்தான் அதிகம் சொல்லும். அதன்பின் முதன்மையான எதிரிகள் கிருமித் தொற்றும் குடல் அழுகலும். அங்கே தாய்ப்பாலும் கை கழுவுதலும் வேலை செய்யும்.

28 வாரத்துக்கு முன் அல்லது 1200 கிராமுக்குக் கீழே பிறந்த குழந்தைக்குக் கண் விழித்திரைப் பரிசோதனை பிறந்த இரண்டு முதல் மூன்று வாரத்துக்குள் நடக்க வேண்டும். அந்தத் தேதியைப் பிறந்த நாளிலேயே கணக்கிட்டு, பரிந்துரைச் சீட்டின் மேல் மூலையில் சிவப்பு மையில் எழுதி அனுப்புங்கள்.